மூன்றாவது பெஞ்சில் தூங்கியவன்

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இந்தப் பணியில் பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வகுப்பில் தூங்கும் பிள்ளைகளை எப்படிக் கையாள வேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்றுதான் சென்ற ஆண்டு வரை நினைத்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் அந்த எண்ணத்தை மாற்றினான். அவனைப் பற்றியும், அவனால் நான் தேடிப் படித்தவை பற்றியும் நம் ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

மதிய உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளை அது. மூன்றாவது பெஞ்சில் ஓரமாக இருந்த அவன் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த வாரத்தில் அது மூன்றாவது முறை. எழுப்பி நிற்க வைத்தேன்.

"நைட்டு முழுக்க செல்லுல விளையாண்டியா?"

"இல்ல மிஸ்."

அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு சிரித்தது. பாடவேளை முடியும் வரை அவன் நின்றுகொண்டே இருந்தான். அடுத்த நாள் அம்மாவை அழைத்து வரச் சொன்னேன்.

நூறு நாள் வேலைக்குப் போகும் வழியில் அந்த அம்மா வந்தார். நான் புகாரைச் சொல்லி முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: "அஞ்சு வாரத்துக்கு முன்னாடி அவன் மாமா வண்டியில பின்னாடி உக்காந்து போறப்ப விழுந்துட்டான் டீச்சர். தலையில அடி. பெரியாஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒண்ணும் இல்ல, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. அதுலேருந்து ராத்திரியில தூக்கம் வரலங்கறான். பகல்ல எங்க உக்காந்தாலும் தூங்கிடறான். தலைவலிங்கறான். நாங்களும் வேணும்னே பண்றான்னுதான் நெனச்சோம்."

அவன் ஒரு வாரம் விடுப்பில் இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. விடுப்புக் கடிதத்தில் 'உடல்நலக் குறைவு' என்று எழுதியிருந்தான். நான் கையெழுத்திட்டு வாங்கி வைத்திருந்தேன். என்ன உடல்நலக் குறைவு என்று கேட்கவில்லை.

ஸ்கேனில் தெரியாத காயம்

'ஸ்கேனில் ஒன்றும் இல்லை' என்றால் என்ன பொருள்? இதைத்தான் நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்பினேன்.

நம் மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. மிக மென்மையான உறுப்பு. மூன்று மூளை உறைகளுக்குள், மூளைத் தண்டுவடத் திரவத்தில் மிதந்தபடி இருக்கிறது. வண்டியிலிருந்து விழும்போது ஓடிக்கொண்டிருந்த தலை சட்டென்று நிற்கிறது. ஆனால் உள்ளே மிதக்கும் மூளை அதே நொடியில் நிற்பதில்லை. அது அசைந்து, திரும்பி, நீண்டு, சுருங்குகிறது. அப்போது நரம்புச் செல்களின் நீளமான ஆக்சான்கள் இழுபடுகின்றன. நிலைமம் பற்றி இயற்பியல் பாடத்தில் நாம் நடத்துவதுதான் இங்கே மண்டைக்குள் நடக்கிறது.

சி.டி. ஸ்கேன் எலும்பு முறிவையும் இரத்தக் கசிவையும் நன்றாகக் காட்டும். உயிருக்கு ஆபத்து உண்டா, உடனே அறுவை சிகிச்சை தேவையா என்பதை அறிய அதுவே முதல் கருவி. ஆனால் ஆக்சான்கள் இழுபட்டதையும் செல்லுக்குள் நடக்கும் வேதி மாற்றங்களையும் அது காட்டாது. அதிர்வுக்கு உள்ளான நரம்புச் செல்லிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. கால்சியம் அயனிகள் உள்ளே நுழைகின்றன. அவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செல்லுக்கு அதிக ஆற்றல் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் மூளைக்கு வரும் இரத்த ஓட்டமோ குறைகிறது. தேவை கூடும்போது வரவு குறைவதால் மூளைக்கு ஆற்றல் பற்றாக்குறை ஏற்படுகிறது. மூளை அதிர்வு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். தலைவலி, மயக்கம் போன்ற உணர்வு, வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், எரிச்சல், கவனக்குறைவு, மறதி, தூக்கக் கோளாறு ஆகியவை இதன் அறிகுறிகள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை சில வாரங்களில் மறைந்துவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

அடிபட்டது தலையில், கெட்டது தூக்கம்

பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்தில் ஹைபோதலாமஸ் பற்றி நடத்தும்போது பசி, தாகம், தூக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விநோதமான மூளை அழற்சி நோய் பரவியது. நோயாளிகளில் பலர் நாள் முழுவதும் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். வேறு சிலருக்கோ தூக்கமே வரவில்லை. வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர் கான்ஸ்டன்டின் வான் எகானமோ 1917-இல் இந்நோயைப் பற்றி எழுதினார். இறந்தவர்களின் மூளையை அவர் ஆராய்ந்தபோது, அதிகம் தூங்கியவர்களுக்கு ஹைபோதலாமஸின் பின்பகுதியிலும் அதை ஒட்டிய நடுமூளையிலும் சிதைவு இருந்தது. தூக்கம் வராதவர்களுக்கு ஹைபோதலாமஸின் முன்பகுதியில் சிதைவு இருந்தது. நம்மை விழிக்க வைக்கவும் தூங்க வைக்கவும் மூளையில் தனித்தனி இடங்கள் உள்ளன என்பதற்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

1998-இல் ஹைபோதலாமஸில் சுரக்கும் ஒரு வேதிப்பொருளை இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒரு குழு அதற்கு ஓரெக்சின் என்றும், மற்றொரு குழு ஹைப்போகிரெடின் என்றும் பெயரிட்டன. நம்மைத் தொடர்ந்து விழித்திருக்கச் செய்வது இதன் முக்கியமான வேலை. தலையில் பலத்த காயம் பட்டவர்களின் மூளைத் தண்டுவடத் திரவத்தில், காயம் பட்ட முதல் நாள்களில் இதன் அளவு மிகவும் குறைந்திருப்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

தலைக்காயம் பட்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு வகைத் தூக்கக் கோளாறு வருகிறது. அது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்கு இரவில் தூக்கம் பிடிக்காது. சிலர் வழக்கத்தைவிடப் பல மணி நேரம் கூடுதலாகத் தூங்குவார்கள். சிலருக்கு இரவில் தூங்கினாலும் பகலில் கண் சொக்கும். சிலருக்குத் தூங்கும் நேரமே தள்ளிப்போய்விடும். கெட்ட கனவுகள் வருவதும் உண்டு. மூளைக்குள் நடந்த மாற்றம் ஒரு காரணம் என்றால், தலைவலி, உடல்வலி, விபத்தைப் பற்றிய பயம், படிப்பு போய்விடுமோ என்ற கவலை, சாப்பிடும் மருந்துகள் ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன.

என் மாணவன் இரவில் விழித்திருந்ததும் பகலில் தூங்கியதும் ஒரே காயத்தின் இரண்டு பக்கங்கள். நான் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன்.

தூங்கும்போது மூளை என்ன செய்கிறது?

தூக்கம் என்பது மூளைக்கு ஓய்வு என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசரின்ஸ்கி, நத்தானியல் கிளைட்மன் ஆகிய இருவரும், தூங்குபவரின் கண்கள் மூடிய இமைக்குள் அவ்வப்போது வேகமாக அசைவதைப் பதிவுசெய்தார்கள். அந்த நேரத்தில் மூளையின் மின் அலைகள் விழித்திருப்பவரின் அலைகளைப் போலவே இருந்தன. இப்போது நமக்குத் தெரியும்: ஆழ்ந்த தூக்கமும் இந்த வேகமான கண் அசைவுத் தூக்கமும் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒரு சுற்றாக இரவு முழுவதும் மாறி மாறி வருகின்றன.

இந்தச் சுற்றுகளில் மூளை பல வேலைகளைச் செய்கிறது. அவற்றில் நமக்கு மிக நெருக்கமானது நினைவு. 1924-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டல்லன்பாக் ஆகிய உளவியலாளர்கள், பொருளற்ற அசைகளை இரண்டு பேரை மனப்பாடம் செய்ய வைத்துச் சோதித்தார்கள். மனப்பாடம் செய்தபின் தூங்கியபோது, விழித்திருந்தபோது மறந்ததைவிட மிகக் குறைவாகவே மறந்தார்கள். பகலில் நாம் நடத்தும் பாடத்தைப் பிள்ளைகளின் மூளை இரவில் பத்திரப்படுத்துகிறது. தூக்கத்தைப் பறித்துப் படிக்க வைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சேந்துவது போலத்தான்.

இன்னொன்று கழிவு அகற்றுதல். 2013-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைகன் நெடர்கார்டின் குழுவினர் சுண்டெலிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எலிகள் தூங்கும்போது மூளைச் செல்களுக்கு இடையிலான இடைவெளி 60 விழுக்காடு அளவுக்கு அதிகமாகி, திரவம் எளிதாகப் பாய்ந்து, கழிவுப் புரதங்கள் வேகமாக வெளியேறியதாக அவர்கள் எழுதினார்கள். முதுமையில் வரும் அல்சைமர் நோயோடு தொடர்புடைய அமிலாய்டு என்னும் புரதமும் அக்கழிவுகளில் ஒன்று. மனிதர்களிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் அறிவியலாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. ஆகவே மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது, 'ஆய்வில் இருக்கும் கருத்து' என்று சேர்த்தே சொல்கிறேன்.

'தூங்காமலே இருந்தால் என்ன ஆகும் மிஸ்?' என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு பிள்ளையாவது கேட்கும். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது மாணவர், அறிவியல் கண்காட்சிக்காக 264 மணி நேரம், அதாவது 11 நாள்கள், தூங்காமல் இருந்தார். அது 1964 தொடக்கத்தில் முடிந்தது. நாள்கள் செல்லச் செல்ல எரிச்சல், மறதி, கவனம் சிதறுதல் ஆகியவை அவரிடம் காணப்பட்டன. ஆபத்தானது என்பதால் இப்படிப்பட்ட முயற்சிகளைக் கின்னஸ் நிறுவனம் இப்போது சாதனையாக ஏற்பதில்லை. இதையும் சொல்லித்தான் அந்தக் கதையை முடிக்க வேண்டும். இல்லையென்றால் மறுநாளே யாராவது முயன்று பார்ப்பார்கள்.

நல்ல மூளைக்கே தூக்கம் இவ்வளவு தேவை என்றால், காயம்பட்ட மூளைக்குச் சொல்லவே வேண்டாம். காயம் தூக்கத்தைக் கெடுக்கிறது. கெட்ட தூக்கம் தலைவலியையும் எரிச்சலையும் மறதியையும் கூட்டி, காயத்திலிருந்து மீள்வதைத் தாமதப்படுத்துகிறது. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும்.

'தூங்க விடாதே' என்ற பழைய பேச்சு

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். விபத்து நடந்து வீட்டுக்கு வந்த முதல் சில இரவுகள், அடிபட்டவனைத் தூங்க விடக்கூடாது என்று பக்கத்து வீட்டார் சொன்னதால், அவன் கண்ணயரும் போதெல்லாம் தட்டித் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். அக்கறையால் செய்ததுதான். நம் ஊர்களில் பரவலாக இருக்கும் நம்பிக்கை இது.

இதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. மண்டைக்குள் இரத்தம் கசிந்தால் முதலில் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவருக்கும் பின்னர் தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போகும். ஆனால் அவர் தூங்கியதால் ஆபத்து வருவதில்லை; ஆபத்து வந்துவிட்டதை அந்தக் கலக்கம் காட்டுகிறது. மருத்துவர் பார்த்து, ஆபத்தில்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிள்ளையைத் தூங்க விடலாம்; தூக்கம் அவனுக்கு நல்லது. இரவில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா என்பதை அந்த மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளியிலோ வீட்டிலோ, தலையில் அடிபட்டபின் இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்:

• எழுப்பினாலும் எழாதது, கலக்கம் கூடிக்கொண்டே போவது
• திரும்பத் திரும்ப வாந்தி
• கூடிக்கொண்டே போகும் தலைவலி
• வலிப்பு
• பேச்சு குழறுதல், ஆளை அடையாளம் தெரியாமல் பேசுதல்
• ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல்
• கண்பாவைகள் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருத்தல்
• காதிலிருந்தோ மூக்கிலிருந்தோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்

இந்தப் பட்டியலைச் சார்ட் தாளில் எழுதி எங்கள் பள்ளியின் முதலுதவிப் பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.

பள்ளியில் நாங்கள் செய்தவை

அம்மாவும் பையனும் மீண்டும் மருத்துவமனைக்குப் போனார்கள். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாராம். தினமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும், காலை வெயிலில் சிறிது நேரம் நடக்க வேண்டும், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை வைத்துவிட வேண்டும், மாலையில் டீ, காபி வேண்டாம், பகலில் தூங்கினால் அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிட வேண்டும் என்பவை அவர் சொன்னவை.

தலைமையாசிரியரிடம் பேசினேன். அந்த வகுப்புக்குப் போகும் ஆசிரியர்கள் ஐந்து பேரும் சேர்ந்து சில ஏற்பாடுகளைச் செய்தோம். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் படாத இடத்துக்கு அவனை மாற்றினோம். தலைவலி வந்தால் கேட்காமலே எழுந்து நூலக அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றோம். வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைத்தோம். முக்கியமான பாடங்களை முற்பகலில் படிக்கச் சொன்னோம். வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரம் கொடுத்தோம். மருத்துவர் சொல்லும் வரை கபடியும் கால்பந்தும் வேண்டாம் என்று உடற்கல்வி ஆசிரியரே சொல்லிவிட்டார். முதல் காயம் ஆறுமுன் தலையில் இரண்டாவது அடி விழுந்தால் பாதிப்பு பெரிதாகும் என்பது காரணம்.

இப்போதைய மருத்துவ அறிவுரைகள் மாதக்கணக்கில் இருட்டறையில் படுக்கச் சொல்வதில்லை. அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாள்கள் ஓய்வு. அதன்பின் மருத்துவர் சொல்லும் வேகத்தில் சிறிது சிறிதாகப் படிப்புக்கும் நடமாட்டத்துக்கும் திரும்புதல். பிள்ளை முழுதாகக் குணமாகிவிட்டு வரட்டும் என்று பள்ளி காத்திருக்கத் தேவையில்லை. திரும்பி வரும் பிள்ளைக்குச் சற்று இடம் விட்டால் போதும்.

எல்லாத் தூக்கமும் ஒன்றல்ல

வகுப்பில் தூங்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் தலையில் அடிபட்டிருக்காது. பல பிள்ளைகளுக்குக் கைப்பேசிதான் காரணம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதையே முதல் பதிலாக வைத்துக்கொண்டால் மற்றவற்றைத் தவறவிடுவோம். இரத்தசோகை இருக்கலாம். மூக்கடைப்பாலும் டான்சில் வீக்கத்தாலும் குறட்டைவிட்டு, மூச்சுத் திணறி இரவில் சரியாகத் தூங்காமல் இருக்கலாம். ஒரே அறை வீட்டில் தொலைக்காட்சி அணையும் வரை தூங்க இடமில்லாமல் இருக்கலாம். விடியற்காலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு வந்திருக்கலாம். வீட்டில் இரவெல்லாம் சண்டை நடந்திருக்கலாம்.

வளரிளம் பருவமும் ஒரு காரணம். இந்த வயதில் தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சிறு வயதைவிட இரவில் தாமதமாகச் சுரக்கிறது. அதனால் சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. பத்தாம் வகுப்புக்குக் காலைச் சிறப்பு வகுப்பும் மாலைச் சிறப்பு வகுப்பும் வைக்கும்போது இந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்ததில்லை.

வகுப்பறையில் செய்து பார்க்க

1. தயிர் டப்பா: மூடியுள்ள, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் பாலை உறை ஊற்றிக் கெட்டித் தயிராக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேலே சிறிது தண்ணீர் ஊற்றி மூடுங்கள். டப்பாவை மெதுவாக நகர்த்தினால் தயிர் அப்படியே இருக்கும். வேகமாகத் திருப்பிச் சட்டென்று நிறுத்துங்கள். டப்பாவில் கீறல்கூட விழாது. உள்ளே தயிர் உடைந்திருக்கும். வெளியே காயம் இல்லாமல் உள்ளே காயம் ஏற்படுவதைப் பிள்ளைகள் தாமே சொல்வார்கள்.

2. தலைக்கவசம்: இதே செயல்பாட்டோடு, நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளும் இருசக்கர வாகனத்தில் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்வதை விவாதிக்கலாம். பின்னால் உட்கார்பவருக்கும் அது பொருந்தும். தலைக்கவசம் மண்டை உடைவதையும் பெருங்காயத்தையும் வெகுவாகக் குறைக்கும். உள்ளே நேரும் அதிர்வை முழுதாகத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

3. தூக்க நாட்குறிப்பு: ஏழு நாள்களுக்குப் படுத்த நேரம், தூங்கிய நேரம், நடுவில் விழித்தது, எழுந்த நேரம், அன்று வகுப்பில் எப்படி இருந்தேன் என ஐந்து கட்டங்கள். வகுப்பில் உரக்கப் படிக்க வைக்க வேண்டாம். ஆசிரியர் மட்டும் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். பிள்ளைகள் வாயால் சொல்லாத பலவும் அந்தக் கட்டங்களில் இருக்கும்.

அந்த மாணவன் இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறான். ஏறத்தாழ நான்கு மாதங்களில் இரவுத் தூக்கம் சீரானது. தலைவலி எப்போதாவது வருகிறது. கணக்கில் விட்டதை இன்னும் பிடிக்க முடியவில்லை. மாலையில் கணித ஆசிரியர் அவனோடு அரை மணி நேரம் உட்காருகிறார். அன்று நிற்க வைத்ததற்காக அவனிடம் நான் வருத்தம் தெரிவித்தேன். "பரவால்ல மிஸ்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

விடுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் கடிதத்தை வாங்கும்போது இப்போதெல்லாம் இரண்டு கேள்விகள் கேட்கிறேன். "என்னப்பா ஆச்சு? எங்கேயாவது விழுந்தியா, அடிபட்டுச்சா?" ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. வகுப்பில் யாராவது தலை சாய்த்தால் அருகில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைப் பேசுகிறேன்.